நோட்டன் பிரிட்ஜில் ஓர் அரைப் புள்ளி

ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் செல்லும் பாதை தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து வளைந்து இறங்குகின்றது. கெசல்கமு ஓயாவை மறித்த அணையே இவ்வூரின் அடையாளம். மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாமென்று எஞ்சினியர் விமலசுரேந்திரா 1918-இல் எழுதிக் காட்டினார். இங்குத் தேக்கிய நீரால் லக்ஷபான மின்நிலையம் இயங்கியதோ 1950-இல். முப்பத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பு!

அணையைக் காணச் சென்ற நாம் பெருமழைக்கு அஞ்சிப் பாடசாலை மண்டபமொன்றில் ஒதுங்கினோம். உள்ளே சதுரங்கப் போட்டி. ஏனைய ஆட்டங்கள் முடிந்துவிட, ஒரு பலகையைச் சுற்றி மட்டும் கூட்டம். ஒருபுறம் நரைத்த எழுதுவினைஞர் ஒருவர். மறுபுறம் லயன் வீட்டிலிருந்து வந்த உயர்தர வகுப்பு மாணவன். இருவரும் மன்றத்து ஆட்டக்காரர்களே, பெரும் வித்தகர்களல்லர். அரைப் புள்ளி கிடைத்தால் பையன் அடுத்த சுற்றுக்குப் போவான். அடுத்த ஆண்டென்றால் அவன் கொழும்பில் கடை வேலைக்குப் போயிருப்பானாம். அருகிலிருந்த ஆசிரியர் மெல்லச் சொன்னார்.

யானை, குதிரை, மந்திரி யாவும் வீழ்ந்துவிட்டன. எஞ்சியவை இரண்டு ராஜாக்களும் பெரியவரின் ஒரு காலாளும். காலாள் இன்னும் இரண்டு கட்டம் நடந்தால் ராணியாகிவிடும். அதன் எதிரே வழிமறித்து நின்றது பையனின் ராஜா. நகர வேண்டிய முறை அவனுடையது. அணைநீர் காத்திருக்கலாம்; சதுரங்கத்தில் முறை வந்தால் நகர்ந்தே ஆகவேண்டும். பக்கவாட்டில் ஒதுங்கிப் பின்வாங்கினால் தோல்வி. நேர் பின்னே ஒரு கட்டம் போனால் மட்டுமே பிழைக்கலாம். தகரக் கூரையில் மழை இரைய, பையன் நெடுநேரம் கையைக் கட்டிக்கொண்டிருந்தான். பிறகு ராஜாவை நேர் பின்னே வைத்தான்.

பெரியவரின் ராஜா காலாளுக்குப் பக்கத்துணையாக முன்னேறியது; பையனின் ராஜா ஒரு கட்டம் இடைவிட்டு அதற்கு நேரெதிரே நின்றது. காலாள் முன்னேறிச் செக் கொடுத்தது. ராஜா மீண்டும் அதன் முன்னே வந்து மறித்தது. இனிப் பெரியவர் காலாளைக் கைவிட வேண்டும், அல்லது எதிரி அசைய இடமின்றி அடைக்க வேண்டும். இரண்டும் சமநிலையே. இங்கிலாந்தில் ஒருகாலத்தில், இவ்வாறு எதிரியை அடைத்தவரே தோற்றவர் என்றொரு விதி இருந்தது! அவ்விதி மாறியது பெரியவரின் நல்ல காலம்.

அவர் சற்றே சிரித்து, ராஜாவை முன்னே தள்ளி அடைத்துவிட்டுக் கைநீட்டினார். கூட்டம் ஆரவாரித்தது. பையனோ கைகுலுக்கியவுடன் குனிந்து, நகர்வுத் தாளில் அக்கடைசி நகர்வை எழுதிக்கொண்டிருந்தான்.