குடம்புளியும் நாலு பாட்டில் மாத்திரையும்

ரொம்ப நாளா தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம். நம்ம கிளாஸ் மக்கள்ல பாதிப் பேராவது இதைப் படிப்பீங்கன்னு தெரியும், அதனாலதான் இங்கேயே சொல்லிடறேன். மூணாம் வருஷம் ஹாஸ்டல்ல பார்த்தவன்கிட்ட எல்லாம் "மாத்திரை போட்டேன்டா, ரெண்டே மாசத்துல மூணு கிலோ காலி"ன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன் இல்லையா? அதை வாபஸ் வாங்கறேன். ஏன்னு கேக்கறவங்க மேல படிங்க. மத்தவங்க மெஸ்ஸுக்குப் போகலாம், இன்னிக்கு சிக்கன் :)

2022-ல நாகர்கோவில்ல இருந்து கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தப்ப நான் 64 கிலோ. 2024 ஆகஸ்ட்ல 78. உயரம் 168 செ.மீ. பிஎம்ஐ கணக்குப் போட்டா 27-ஐத் தாண்டுது. (வெள்ளைக்காரங்களுக்கு 30-க்கு மேல போனாத்தான் உடல்பருமன். நமக்கு 25-லயே அந்தப் பட்டம் கொடுத்துடுவாங்க. கொஞ்ச எடையிலேயே நம்ம ஆளுங்களுக்குச் சர்க்கரை வந்துடுதாம்.) பேன்ட் எதுவும் இடுப்புல ஏறல. அம்மாகிட்ட சொன்னதும், புதுசா ரெண்டு பேன்ட் எடுத்துக்க மக்கான்னு பணம் போட்டுவிட்டாங்க. அம்மாவுக்கு வேலை அண்டியாபீஸ்ல. நாள் முழுக்க முந்திரிப்பருப்புத் தோல் உரிக்கற வேலை. அந்தப் பணத்துல நான் பேன்ட் எடுக்கல. பழைய பேன்ட்டுக்குள்ள புகுந்துடலாம்னு கணக்குப் போட்டு, இணையத்துல 1,799 ரூபாய்க்கு ரெண்டு பாட்டில் 'இயற்கை மூலிகை' கேப்ஸ்யூல் வாங்கினேன். பேரு கார்சீனியா கம்போஜியா. பேரைக் கேட்டதும் ஏதோ அமேசான் காட்டுல விளையறதுன்னு நினைச்சேன்.

இவ்வளவு காசு கொடுத்தாச்சேன்னு கூட வந்த துண்டுச்சீட்டையும் ஒழுங்கா படிச்சேன். குறைவாச் சாப்பிடவும், தினமும் நடக்கவும்னு போட்டிருந்தது. சரின்னு ராத்திரி பதினோரு மணி புரோட்டா சால்னாவை விட்டேன். டீக்குச் சர்க்கரை வேண்டாம்னேன். மெஸ்ல மூணு கரண்டி சோறு ஒண்ணரை ஆச்சு, பதிலுக்கு எக்ஸ்ட்ரா டோக்கன்ல ரெண்டு முட்டை. செப்டம்பர் கடைசியில 75 கிலோ. உடனே மாத்திரைக்கு ஜே! இன்னும் ரெண்டு பாட்டில் ஆர்டர் போட்டேன். என் பேச்சை நம்பி நம்ம பசங்க ரெண்டு பேரும் வாங்கினாங்க.

நவம்பர்ல செமஸ்டர். ராத்திரி முழிப்பு, பேக்கரி பப்ஸ், மறுபடியும் புரோட்டா. மாத்திரையை மட்டும் விடல. ஒண்ணரை கிலோ ஏறிடுச்சு. பரீட்சை டென்ஷன்னு சொல்லிச் சமாளிச்சுக்கிட்டேன். மாத்திரை மேல சந்தேகமே வரலங்கறதுதான் இப்ப யோசிச்சா ஆச்சரியமா இருக்கு. குறைஞ்சா மாத்திரையால, ஏறினா டென்ஷனால. நல்ல நியாயம்!

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பைக்குள்ள இருந்து அம்மா பாட்டிலை எடுத்துப் பார்த்தாங்க. இங்கிலீஷ் படிக்க வராது, ஆனா மேல ஒரு காய் படம் இருந்ததே. மஞ்சளா, வரி வரியா, குட்டிப் பூசணி மாதிரி.

"இது நம்ம குடம்புளி இல்லியால?"

எனக்கு ஒண்ணும் புரியல. அடுக்களைக்குப் போய் பரணியில இருந்து கருப்பா, புகை வாசத்தோட ரெண்டு சுளை எடுத்துட்டு வந்து என் உள்ளங்கையில வச்சாங்க. இணையத்துல தேடினா... ஆமாங்க, அதேதான். கேரளாவுலயும் எங்க பக்கத்துலயும் மீன்கறியில புளிக்குப் போடற அதே குடம்புளி. நான் காசு கொடுத்து வாங்கினது அதோட தோல்ல இருந்து எடுத்த சாறு.

"எவ்வளவுல ஆச்சு?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல.

"பொறந்ததுல இருந்து சாளைக்கறியில போட்டுத்தானே ஒனக்குத் தாறேன். மெலிஞ்சியா நீ?"

பேன்ட் பத்தி அவங்க ஒரு வார்த்தை கேக்கல. அதுதான் ரொம்பக் குத்திச்சு.

அன்னிக்கு ராத்திரியே உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். இந்தப் புளியில ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம்னு ஒண்ணு இருக்கு. மாவுச்சத்தை உடம்பு கொழுப்பா மாத்தறதுக்கு உதவற ஒரு என்ஸைமை இது தடுக்கும். எலிகள்கிட்ட நல்லாவே எடுபட்டிருக்கு. மனுஷங்ககிட்ட? 1998-ல அமெரிக்காவோட ஜாமா மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. எடை அதிகமான 135 பேர், 12 வாரம். பாதிப் பேருக்கு இந்த அமிலம் தினம் 1,500 மில்லிகிராம், மீதிப் பேருக்கு ஒண்ணுமே இல்லாத டம்மி மாத்திரை. எல்லாருக்கும் ஒரே மாதிரி நார்ச்சத்து அதிகமான, கலோரி குறைவான சாப்பாடு. அசல் சாப்பிட்டவங்க சராசரியா 3.2 கிலோ குறைஞ்சாங்க. டம்மி சாப்பிட்டவங்க 4.1 கிலோ! (புள்ளியியல் பேப்பர்ல பாஸானவங்க சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், அந்த வித்தியாசம் கணக்குல எடுத்துக்கற அளவு பெருசு இல்ல. அதாவது டம்மிதான் சிறந்ததுன்னு அர்த்தமில்ல, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலன்னு அர்த்தம்.)

என்னோட 78-ல இருந்து 75-ம் அதே கதைதான். சாப்பாடு குறைஞ்சது, எடை குறைஞ்சது, மாத்திரை மாலையை வாங்கிக்கிச்சு.

இந்த ஆய்வு வந்து 14 வருஷம் கழிச்சு, 2012-ல அமெரிக்க டிவியில டாக்டர் ஓஸ் இதைத்தான் தூக்கி வச்சுக் கொண்டாடினார். 2014-ல செனட்ல கூப்பிட்டு வச்சுக் கேள்வி கேட்டாங்க. அதுக்கப்புறமும் விற்பனை நடந்துட்டுதான் இருக்கு, என்னை மாதிரி ஆளுங்க இருக்கற வரைக்கும் நடக்காம என்ன.

டீ கணக்கு ஒண்ணு மட்டும் பார்ப்போம். ஒரு நாளைக்கு அஞ்சு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூன் 5 கிராம், கிராமுக்கு 4 கலோரி. ஆக 200 கலோரி, மாசத்துக்கு 6,000. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோங்கறது கிட்டத்தட்ட 7,700 கலோரி. பேப்பர் கணக்குக்கு முக்கால் கிலோ! உடம்பு பேப்பர் மாதிரி நடந்துக்காது, அதுவும் பசியைக் கூட்டி, செலவைக் குறைச்சு ஈடுகட்டப் பார்க்கும், அதனால நிஜத்துல இதைவிடக் கம்மியாத்தான் குறையும். ஆனா இதுக்கு ஆன செலவு பூஜ்யம்.

சாப்பாட்டை மாத்தறது லேசுன்னு சொல்ல மாட்டேன். மெஸ்ல என்ன போடறாங்களோ அதுதான். சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு, அதுக்கு மேல அப்பளம். பிறந்தநாள் ட்ரீட்டுக்குக் கூப்பிட்டுட்டு சும்மா உக்காந்திருந்தா பைத்தியம்னுவாங்க. மாத்திரை விழுங்க ரெண்டு செகண்ட் போதும், பசங்க முன்னாடி வெக்கப்படவும் வேண்டாம். நான் காசு கொடுத்தது அதுக்குத்தான்னு தோணுது.

எல்லா மருந்தும் ஏமாத்துன்னு நினைச்சுக்காதீங்க. செமாக்ளூடைடு மாதிரி ஊசிகள் நல்லாவே எடை குறைக்குது, ஆனா அது டாக்டர் பார்த்து எழுதிக் கொடுக்கற மருந்து. நம்ம பாட்டில் சட்டப்படி மருந்தே கிடையாது, உணவுப்பொருள் கணக்குல வருது. பாட்டிலைத் திருப்பிப் பாருங்க, 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்'னு போட்டிருக்கும். நான் அஞ்சு மாசம் கழிச்சுத்தான் பார்த்தேன்.

அப்புறம், இதை எழுத வச்ச விஷயம். 2025 பிப்ரவரியில, என்கிட்ட கேட்டு வாங்கின ரெண்டு பேர்ல ஒருத்தன் பசியே எடுக்கல, குமட்டுதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனான். ரத்தப் பரிசோதனையில கல்லீரல் என்ஸைம் எகிறியிருந்தது. என்னென்ன சாப்பிடறேன்னு டாக்டர் கேட்டு, கேப்ஸ்யூல், பவுடர் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டார். ரெண்டு மாசத்துல ரிப்போர்ட் சரியாயிடுச்சு. மாத்திரையாலதான்னு டாக்டர் அடிச்சுச் சொல்லல, நானும் சொல்ல முடியாது. ஆனா கார்சீனியா சாப்பிட்டவங்க சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. அபூர்வம்தான். மீன்கறியில கிடக்கற ரெண்டு சுளையும், சாறா இறக்கி தினமும் விழுங்கறதும் ஒண்ணு இல்ல. 'மூலிகை'ன்னு லேபிள் ஒட்டின எடைக்குறைப்புச் சரக்குகள் பலதுல சிபுட்ரமின் கலந்திருந்ததை அமெரிக்க எஃப்டிஏ கண்டுபிடிச்சிருக்கு. மாரடைப்பு, பக்கவாத அபாயம்னு 2010-ல அங்க சந்தையில இருந்து எடுத்த மருந்து அது.

"உன்னைப் பார்த்துத்தானேடா வாங்கினேன்"னு அவன் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரல.

இப்ப நான் 72. மாத்திரை இல்ல. ஒண்ணரைக் கரண்டி சோறும் ரெண்டு முட்டையும் தொடருது, புரோட்டா மாசத்துக்கு ரெண்டு தடவை. (ரெண்டுன்னா ரெண்டு நாள், ரெண்டு புரோட்டா இல்ல. ஹி ஹி.) பழைய பேன்ட் ஒண்ணு ஏறுது.

என் பேச்சைக் கேட்டு வாங்கின இன்னொருத்தன் காலேஜ் மாறிப் போயிட்டான், நம்பரும் மாத்திட்டான். டேய், இதை நீ எங்கயாவது படிச்சா, அந்த பாட்டிலை இப்பவும் போட்டுட்டிருந்தா, நிறுத்திட்டு எனக்கு ஒரு போன் பண்ணு. என் நம்பர் பழசுதான்.