ஏறலாமா, இறங்கலாமா?



நம்மில் நிறைய பேர் வீட்டில் ஒரே ஒரு டச் போன்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதில் அடிக்கடி "புதிய அப்டேட் வந்துள்ளது" என்று ஒரு செய்தி வரும். அதை அமுக்கலாமா, வேண்டாமா? அமுக்கின பிறகு போன் மெதுவாகிவிட்டால் பழையபடி மாற்றலாமா? இதைப் பற்றி இந்தக் காலாண்டு விடுமுறையில் எங்கள் வீட்டில் பெரிய பட்டிமன்றமே நடந்தது. அதில் நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நம் உடம்புக்கு உயிர் மாதிரி போனுக்கு இயங்குதளம். அது இல்லாவிட்டால் போன் வெறும் கண்ணாடித் துண்டு. நம் ஊரில் அதிகம் இருப்பது ஆண்ட்ராய்டு. ஆண்ட்ராய்டு போன் முதன்முதலில் 2008-ல் விற்பனைக்கு வந்தது. ஆரம்ப காலத்தில் பதிப்புகளுக்கு கப்கேக், டோனட் என்று தின்பண்டப் பெயர் வைத்தார்கள். (எனக்கு அது பிடிச்சிருந்தது!) 2019-ல் வந்த 10-வது பதிப்பிலிருந்து வெறும் எண்தான். 13 வந்தது 2022-ல், 14 வந்தது 2023-ல், 16 வந்தது 2025-ல்.

எங்கள் போன் வாங்கும்போது 13 இருந்தது. அப்புறம் 14-க்கு மாறியது. மாறிய கொஞ்ச நாளில் ஒரே மந்தம். அம்மா பால் சொசைட்டி பணம் ஏறிடுச்சான்னு பார்க்கத் திறந்தால், அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் கடையில் காட்டினோம். "பழைய சாஃப்ட்வேரே போட்டுத் தரேங்க்கா, பறக்கும். நானூறு ரூபா ஆகும்" என்றார்கள். அப்பாவும் வெளியூரிலிருந்து பேசும்போது "போட்டுரு, வேலை ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் பாலிடெக்னிக் படிக்கும் பெரியப்பா வீட்டு அண்ணன் கேட்டான். "சித்தி, பழசுக்கு மாத்தினா போன்ல இருக்கிறது அத்தனையும் அழிஞ்சிரும். உள்ள என்னென்ன இருக்குன்னு தெரியுமா?"

அம்மா சட்டென்று போனைக் கையில் வாங்கிக்கொண்டார். உள்ளே அம்மாயியின் குரல் இருந்தது. அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் மாமா போனிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பும். "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா", "பாப்பாவுக்குச் சளி விட்டுச்சா" என்று சின்னச் சின்னப் பேச்சு. நான் எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 41. அம்மாயி இப்போது இல்லை. மாமாவின் அந்தப் பழைய போனும் இல்லை.

"போன் மெதுவா இருந்தா இருந்துட்டுப் போகுது. எங்கம்மா குரல் போச்சுன்னா எந்தக் கடையில வாங்குறது?" என்றார் அம்மா. யாரும் பதில் பேசவில்லை.

அண்ணன் மறுநாளே அந்த 41-ஐயும் மெமரி கார்டில் ஒன்று, அவன் கம்ப்யூட்டரில் ஒன்று என்று இரண்டு இடத்தில் எடுத்து வைத்தான். ஒவ்வொன்றையும் நானும் அம்மாவும் போட்டுக் கேட்டுச் சரிபார்த்தோம். அன்றைக்கு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

சரி, குரலைப் பத்திரப்படுத்தியாச்சு. இனிமேல் பழசுக்கு இறங்கலாம்தானே? நானும் அப்படித்தான் கேட்டேன். அண்ணனும், எங்கள் அறிவியல் ஆசிரியரும் சொன்னதைக் கேட்ட பிறகு அது அவ்வளவு சுலபம் இல்லை என்று புரிந்தது.

அப்டேட்டில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று 13-லிருந்து 14 என்று பெரிதாக மாறுவது. இன்னொன்று பாதுகாப்பு அப்டேட், அதாவது ஓட்டையை அடைப்பது. 2015-ல் ஆண்ட்ராய்டில் ஸ்டேஜ்ஃபிரைட் என்று ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். தப்பான ஆள் ஒரு மெசேஜ் அனுப்பினாலே போதும், நாம் திறந்து பார்க்காமலேயே போனுக்குள் நுழைய வழி இருந்ததாம்! அதற்குப் பிறகுதான் அந்த வருஷம் ஆகஸ்டிலிருந்து மாதாமாதம் ஓட்டை அடைக்கும் முறை வந்தது.

அடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே மாதம் ஒரு உதாரணம். வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே நின்றுபோயின. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அப்டேட் கொடுத்திருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின.

பழைய பதிப்புக்கு இறங்கினால் அடைத்த ஓட்டையை நாமே திறந்து விடுகிற மாதிரி. சாவி தொலைந்து பூட்டை மாற்றிய பிறகு, திருடன் வந்து பழைய பூட்டையே மறுபடி மாட்ட முடிந்தால் எப்படி இருக்கும்? அதைத் தடுக்கத்தான் பல போன்களில் பின்வாங்க விடாத தடுப்பு இருக்கிறது. போன் தன் பதிப்பு எண்ணை உள்ளே குறித்து வைத்துக்கொள்ளும். அதைவிடப் பழையதைப் போட்டால் ஏற்காது. 2022 ஆகஸ்டில் கூகுள் தன் பிக்சல் 6 போன்களுக்கு 13-ஐக் கொடுத்தபோது, ஏறின பிறகு 12-க்கு இறங்க முடியாது என்று முன்பே சொல்லிவிட்டது. ஐபோனிலும் பழைய பதிப்புக்கு ஆப்பிள் கம்பெனி ஒப்புதல் தருவதை நிறுத்திவிட்டால் இறங்க முடியாது.

சில போன்களில் பூட்டைத் திறந்து இறக்கலாம்தான். ஆனால் அப்படித் திறந்த போனில் பல பேங்க் ஆப்கள் வேலை செய்யாது. அப்பா அனுப்பும் பணம் அந்தப் போனில்தான் வருகிறது. வேறு மாடலின் சாஃப்ட்வேரை மாற்றிப் போட்டுவிட்டால் போனே டெட் ஆகிவிடலாம்.

அதற்காக அப்டேட் பண்ணினால் போன் மெதுவாகவே ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். அது உண்மையிலேயே நடக்கிறது. பேட்டரி பழசான ஐபோன்களை அப்டேட் மூலம் மெதுவாக்கியதை 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. திடீரென்று அணைந்து போகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றார்கள். புது பேட்டரி போட்டவர்களுக்கு வேகம் திரும்பி வந்தது. இதிலிருந்து மெதுவாவதற்குக் காரணம் எப்போதும் புதுப் பதிப்பு மட்டும் இல்லை, வேறு இடத்திலும் இருக்கலாம் என்று தெரிகிறது.

எங்கள் போனுக்கும் அப்படித்தான். அதில் இடம் 32 ஜி.பி. பார்த்தால் மூச்சு விட இடமில்லாமல் நிரம்பிக் கிடந்தது. காலை வணக்கம், பூப்படம், குரூப்பில் வந்த வீடியோ என்று எல்லாம் அதற்குள். நானும் தம்பியும் உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்க அழித்தோம். வாட்ஸ்அப்பில் தானாக இறங்குவதையும் நிறுத்தினோம். இப்போது போன் பறக்கவில்லை, ஆனால் நடக்கிறது. பால் பொங்குவதற்குள் கணக்கு திறந்துவிடும். நானூறு ரூபாய் மிச்சம். அப்பாவும் "அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

இனி அப்டேட் வந்தால் என்ன செய்வது என்றும் வீட்டில் முடிவு பண்ணியிருக்கிறோம். பாதுகாப்பு அப்டேட் என்றால் தள்ளிப்போடாமல் போட்டுவிடுவது. 15, 16 என்று பெரிய பதிப்பு வந்தால் ஒரு மாதம் பொறுப்பது. அதே மாடல் வைத்திருப்பவர்களிடம் விசாரிப்பது. முக்கியமானதை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, நல்ல சார்ஜ் ஏற்றி, அப்புறம்தான் அமுக்குவது. மாறிய முதல் ஓரிரு நாள் போன் சூடாகவும் மந்தமாகவும் இருந்தால் பயப்படக்கூடாது. உள்ளே ஆப்களை எல்லாம் புதுப் பதிப்புக்குத் தகுந்த மாதிரி அது சரிசெய்து கொண்டிருக்கும். கிணற்றில் இறங்குகிறவர் ஏறுவதற்குக் கயிறு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். இதுவும் அதே மாதிரிதான்.

தோழர்களே, உங்கள் வீட்டு போனிலும் தாத்தா, பாட்டி குரல் இருக்கலாம். அப்டேட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போன் தண்ணியில் விழுந்தாலும் போச்சு, தொலைந்தாலும் போச்சு. இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்து வையுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் கேளுங்கள், எனக்குத் தெரிந்த வரை சொல்லித் தருகிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி