மாமாவின் வீடு

என் தாய்மாமாவுக்கு வயது 45. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உடையவர். தில்லியில் எங்களுடன் வாழ்ந்த பாட்டி மறைந்தபின், “இனி இவனை யார் பார்த்துக்கொள்வது?” என்னும் வினா எழுந்தது. ஊருக்கு வெளியே, உயர்ந்த மதில் சூழ்ந்த விடுதி ஒன்றை அப்பா பார்த்து வந்தார். அதைக் கேட்ட மாமா இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை.

மாற்றுத்திறனாளிகள் சமூகத்தின் நடுவே வாழும் உரிமை உடையவர்கள். இன்ன இடத்தில்தான் வாழவேண்டும் என அவர்களைக் கட்டாயப்படுத்தலாகாது. 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் இவ்வாறு கூறுவதை அம்மா அப்பாவுக்குப் படித்துக் காட்டினார். ஆனால், சட்டம் தந்ததைத் தெரு எளிதில் தரவில்லை. வீட்டு உரிமையாளர் மூவர் மறுத்தனர், நான்காமவர் இசைந்தார்.

இப்போது மாமாவும் அவரைப் போன்ற மூவரும் இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் வாழ்கின்றனர். வாடகையையும் உதவியாளரின் ஊதியத்தையும் நான்கு குடும்பங்களும் பகிர்ந்துகொள்கின்றன. உதவியாளர் உடன் தங்கிச் சமையலுக்கும் மருந்துக்கும் துணைசெய்கிறார். பால் வாங்குவது மாமாவின் பொறுப்பு. சில்லறை எண்ணுவதில் இன்றும் தடுமாறுவார். கடைக்காரர் பொறுமையுடன் காத்திருப்பார்.

சென்ற ஞாயிறு நாங்கள் போனபோது கதவு பூட்டியிருந்தது. மாமா பால் பையுடன் வந்து, கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியால் கதவைத் திறந்தார்.

“அக்கா, செருப்பை வெளியிலேயே கழற்றிவிடுங்கள்” என்றார்.