பாண் வானும் பாதைக் கணக்கும்

யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றிற் புவியியல் கற்பித்த நாம், ரொறன்ரோவுக்கு வந்தபின் சில ஆண்டுகள் ஸ்காபரோவிலுள்ள தமிழ்க் கடைகளுக்குப் பாணும் இடியப்பமும் றோல்ஸும் விநியோகித்தோம். தட்டுக் கணக்கிலேதான் கூலி. பெற்றோற் செலவு எம்முடையது. ஆதலால் வீணாக ஓடிய ஒவ்வொரு கிலோமீற்றரும் வீட்டு வாடகையிற் குறைந்த காசாகவே எமக்குத் தோன்றியது. இன்றும் எம்மவர் பலர் இத்தொழிலில் இருப்பதால் நாம் அறிந்ததை இங்கு எழுதுகின்றோம்.

பத்துக் கடைகளுக்கு எந்த ஒழுங்கிற் செல்வது? 36 இலட்சத்து 28 ஆயிரத்து 800 ஒழுங்குகள் உண்டு! பெற்றோல் நிலையங்களுக்குப் பவுசர்களை அனுப்பும் வழி பற்றி டான்சிக், ராம்சர் என்னும் இருவர் 1959 இல் ஆராய்ந்தனர். 1964 இல் கிளார்க், ரைட் என்போர் எளிய முறையொன்றைக் கூறினர். வெதுப்பகத்திலிருந்து 5 கிலோமீற்றர் தூரத்தில் இரு கடைகள். அவற்றிடையே 1 கிலோமீற்றர். தனித்தனியே போய்வந்தால் 20; சேர்த்துப் போனால் 11; மிச்சம் 9. மிச்சம் கூடிய சோடிகளை முதலிற் சேர்த்து, வான் கொள்ளுமட்டும் தொடரவேண்டும் என்பதே அம்முறை.

ஆயினும் கடைகளின் தேவை நாளுக்கு நாள் மாறும். வெள்ளிக்கிழமைகளிலும் கந்தசஷ்டி நாட்களிலும் இறைச்சி றோல்ஸ் தேங்கும். மரக்கறி றோல்ஸ் போதாது. கடும்பனி வருமென்று அறிவித்தால் முதல்நாளே பாண் முடிந்துவிடும். எத்தனை தட்டு வேண்டுமென்பது கடைவாசலிலேதான் தெரியவரும். நிறைய ஏற்றிக்கொண்டு மிகக் குறுகிய வழியிற் சென்றாலும், எட்டாங் கடையில் வான் வெறுமையானால் மீண்டும் வெதுப்பகத்துக்கு ஓடவேண்டும். அவ்வோட்டத்துக்குக் கூலியில்லை.

இதற்கு மூன்று வழிகளைக் கைக்கொண்டோம். ஒவ்வொரு கடையும் எந்நாளில் எவ்வளவு எடுத்தது என்பதை அப்பியாசக் கொப்பியிற் குறித்தோம். 40 தட்டுக் கொள்ளும் வானுக்கு 34 தட்டுத் தேவையுள்ள கடைகளையே ஒதுக்கி, மிகுதியைக் கைகாவலாக வைத்தோம். பாதையின் நடுப்பகுதி வெதுப்பகத்தின் அருகாகச் செல்லுமாறு அமைத்தோம். வெறுமையான பின் தொலைவிலிருந்து திரும்புவதிலும், அருகாற் செல்லும்போதே நிரப்பிக்கொள்வது இலாபம்.

இன்று வழிகாட்டக் கைத்தொலைபேசி உண்டு. எனினும் எந்தக் கடைக்கு எந்நாளில் எவ்வளவு வேண்டும் என்பதை நாள்தோறும் அங்கு செல்பவரே நன்கறிவார். முதலாளிமார் சாரதிகளை அடிக்கடி இடம் மாற்றாதிருத்தலும், பாதை வகுக்கும்போது அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டலும் இருவருக்கும் நன்மை தரும். திரும்பவும் நிரப்பச் செல்லும் ஓட்டத்துக்குக் கூலி கொடுத்தலும் நியாயமாகும்.