கைப்பிடிக்குச் சூடு ஏற்றிய கதை

எமது கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் ஜுபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு பணித்தபோது, தமிழாசிரியனாகிய நான் இலக்கியத்தையோ சமயத்தையோ பற்றி எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். அவ்விரண்டையும் என்னினும் வல்லோர் இம்மலரில் எழுதுவர். நான் எழுதப் புகுந்தது மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பற்றி. நெல்லியடிச் சந்தியில் நண்பகல் வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சந்தைக்குட் சென்று மீண்டவர் எவரும், கறுத்த றப்பர்ப் பிடியைத் தொட்டதும் கையை உதறாதிருப்பதில்லை. அவ்வூரவன் ஒருவன் அதே பிடிக்கு மின்சாரத்தாற் சூடேற்ற முனைந்தான் என்றால், அதற்குக் காரணம் சொல்லவேண்டும் அன்றோ?

2014ஆம் ஆண்டு தை மாதத்தில் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு எனக்கு மாற்றம் வந்தது. வண்டியையும் உடன் கொண்டுசென்றேன். கடலுக்குச் சில மீற்றர் உயரத்திற் பிறந்து வளர்ந்தவன், ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்து நகரில் வாடகை அறை எடுத்தேன். அங்கே தை, மாசி மாதங்களில் விடியற்காலையிற் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. காலை ஆறரை மணிக்குத் தேயிலை மலைச்சரிவிற் கீழிறங்கும் பாதையில் வண்டியோட்டிப் பாடசாலையை அடையும்போது, என் விரல்கள் என்னுடையவை அல்ல என்றே தோன்றும். முதற் பாடவேளையில் வெண்கட்டி கையில் நில்லாது நழுவும். கரும்பலகையில் நான் எழுதிய ழகரத்தை மாணவர் அடையாளங் காணமாட்டார். எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் துணி சுற்றிய போத்தலில் வீட்டிலிருந்து கொணர்ந்த வெறுந்தேநீரை நீட்டி, “சேர், குடிக்க வேணாம், சும்மா புடிச்சுக்கிட்டு இருங்க” என்றான். அவன் கூறியபடியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாசி மாதத்து ஒரு காலையில், வளைவொன்றைத் திரும்பியபோது பாதையின் நடுவே பிள்ளைகள் நடந்து சென்றுகொண்டிருந்தனர். முன் பிறேக்கை இழுக்க நினைத்தேன். நினைத்தேன் என்பதே சரி, விரல் மடங்கவில்லை. காற் பிறேக்கை மாத்திரம் மிதித்ததனால் பின் சில்லு வழுக்கி, வண்டி குறுக்காகச் சறுக்கி, கடைசியாக நடந்த பிள்ளைக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. அப்பிள்ளை அந்தத் தேநீர்ப் போத்தற் சிறுவனே. அவன் பயப்படவில்லை, நான் கானோரத்தில் அமர்ந்து நெடுநேரம் எழாதிருந்தேன்.

குளிர் விரல்களையே முதலிற் பற்றுவதற்குக் காரணம் உண்டு. உடல் குளிரும்போது நெஞ்சையும் வயிற்றையும் காக்கும்பொருட்டுக் கை கால்களின் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. ஓடும் வண்டியின் எதிர்க்காற்று வெப்பத்தை வாரிச் செல்கின்றது. உருக்காலாகிய ஹாண்டில் மிச்சத்தை உறிஞ்சுகின்றது. கையுறை உள்ள சூட்டைக் காக்குமேயன்றி, இல்லாத சூட்டைத் தராது. தடித்த கையுறையோ பிறேக்கின் உணர்வையே மறைத்துவிடும். சட்டைக்குள் பத்திரிகைத் தாள் வைத்து நெஞ்சை மூடியபோது விரலுக்கும் சிறிது நன்மை கிட்டியது; ஆயினும் போதவில்லை.

நோர்வேயில் வாழும் பழைய வகுப்புத் தோழர் ஒருவருக்கு இதனைத் தொலைபேசியிற் கூறினேன். அங்கே மோட்டார் சைக்கிளுக்குச் சுடுபிடி பூட்டுவது புதுமையன்று என்றார். மூவகை உண்டாம்: இருக்கும் பிடியின்மேற் சுற்றிக் கட்டுவது ஒன்று, பிடியின் உள்ளே ஒட்டும் மெல்லிய சூட்டுத்தகடு ஒன்று, கம்பி உள்ளேயே அமைந்த முழுப்பிடி ஒன்று. சுற்றிக் கட்டுவது பிடியைப் பருமனாக்கும். என் போன்ற சிறு கையர்க்குக் கிளச்சைப் பற்றுவது கடினமாகும். ஆகவே முழுப்பிடியையே கேட்டேன்.

கேட்டபின்னரே ஐயம் எழுந்தது. எனது 125 சீசீ வண்டி இதனைத் தாங்குமா? எம் தலைமுறையினர்க்கு மின்சாரக் கணக்கைக் கற்பித்தது பௌதிக நூலன்று, சைக்கிள் டைனமோ. 1990இன் பின் பொருளாதாரத் தடையும் மின்வெட்டும் நிலவிய அக்காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். சுற்றுபவன் களைத்தாற் செய்தியும் களைத்துவிடும். அந்த டைனமோ 3 வாற்று. தோழர் சொன்ன பிடிகளோ, இரண்டுஞ் சேர்ந்து 12 வோற்றில் 36 வாற்று, அதாவது 3 அம்பியர். பன்னிரண்டு சிறுவர் பன்னிரண்டு சைக்கிள்களைச் சுற்றவேண்டிய வேலை! சிறு வண்டிகள் பலவற்றில் முன் விளக்கும் அவ்வளவே உண்ணும். அதுவும் பற்றரியைத் தொடாமல் நேரே மின்பிறப்பாக்கியிலிருந்து எரிவது உண்டு. எனவே பிடிக்கெனப் பற்றரிப் பக்கத்தில் மிஞ்சுவது எவ்வளவு என்பதை அளந்தறிதல் வேண்டும்.

சித்திரை விடுமுறையில் ஊருக்கு வந்து, கொடிகாமம் வீதியிலுள்ள கராஜ் ஒன்றுக்குப் பொதியுடன் சென்றேன். மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், மத்தியானத்திலை இந்த ஹாண்டிலிலை கை வைக்கேலாது. இதுக்கு மேலையும் சூடு வைக்கிறதே?” என்றார். அங்கிருந்தோர் சிரித்தனர். ஆயினும் மனிதர் மீற்றரை எடுத்து, இயந்திரம் ஓடும்போது பற்றரியின் வோற்றை அளந்தார். குறைந்த சூட்டில் ஓட்டத்தின்போது தாங்கும், சும்மா நிற்கும்போது தாங்காது என்பது அவர் தீர்ப்பு. அத்தீர்ப்பின் பின்பாதியை நான் மறந்தது பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

பழைய பிடிகளை பிளேட்டாற் கீறிக் கழற்றினார். இரு பிடிகளும் ஒரே அளவின அல்ல என்பதை அன்றே அறிந்தேன். இடப்பிடி 22 மில்லிமீற்றர் உருக்குக் குழாயின்மேல் நேரே ஏறும்; வலப்பிடி அக்சிலேற்றர் திரும்பும் பிளாஸ்ரிக் உறையின்மேல் ஏறுவதால் அதன் துளை பெரிது. அவ்வுறையின் வரம்புகளை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்த நேர்ந்தது. எண்ணெய் பூசி ஏற்றினால் எளிதில் ஏறும், பின் ஓட்டத்திற் சுழலும் எனக் கூறி, சூடு தாங்கும் பசையையே இட்டார். மின்சாரத்தைத் திறப்புப் போட்டால் மாத்திரம் உயிர்பெறும் வயரின் கட்டளைப்படி ஒரு றிலே மூலம் எடுத்து, பற்றரியின் அருகே 5 அம்பியர் பியூஸ் வைத்தார்.

பிழை என்னுடையது. வயர் தொங்குவது அழகன்று, ஹாண்டிலோடு ஒட்டக் கட்டுக என வற்புறுத்தினேன். அவர் தலையசைத்துக் கட்டினார். வண்டியை நிறுத்தியபடியே இயக்கி, ஹாண்டிலை இடப்பக்கம் முழுதுந் திருப்பினார். வயர் இறுகி வலப்பிடியை இழுக்க, எவரும் முறுக்காமலே இயந்திரம் அலறியது. “இதுதான் மாஸ்டர் அழகு” என்றார். மலைவளைவிற் பிள்ளைகளின் நடுவே அது நிகழ்ந்திருந்தால்! வயருக்கு ஒரு தளர்ந்த வளையம் விட்டு, இருபுறமும் திருப்பி, முறுக்கிக் கைவிட்டதும் பிடி தானே டக்கென மீளும்வரை பலமுறை சோதித்த பின்னரே வண்டியை வெளியே எடுக்க விட்டார்.

மலைக்கு மீண்டதும் என் கை வாழ்ந்தது. ழகரம் ழகரமாயிற்று. ஆயினும், காலைப் பனியில் நனைந்த கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருந்த பெண்களைக் கடந்து சூடான பிடியுடன் செல்வது எனக்கு இலகுவாயிருக்கவில்லை. அவர்களின் பிள்ளைகளே என் வகுப்பில் இருந்தனர். அச்சிறுவர் செய்தியை எவ்வாறோ அறிந்து, மழைக்காலக் காலைகளில் வண்டியைச் சூழ்ந்துகொண்டனர். வரிசையில் நின்று ஒவ்வொருவரும் இரு கையையும் பிடியில் வைத்து இருபது வரை எண்ணுவது என்று அவர்களே விதி வகுத்தனர். சிறியவர்கள் எண்களை வேண்டுமென்றே மெதுவாகச் சொல்லினர். பெற்றோல் வீணாகாதிருக்க நான் இயந்திரத்தை நிறுத்தி, திறப்பை மாத்திரம் போட்டு விட்டேன். மூன்றாம் நாள் பாடசாலை விட்டபின் பற்றரி முற்றாக உயிர்விட்டிருந்தது. அரைமணி நேரத்திற்கு 3 அம்பியர் வீதம் சிறு பற்றரி எத்தனை நாள் கொடுக்கும்? டைனமோ சுற்றிய கை கணக்கை மறந்துவிட்டது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் வண்டியைப் பின்னின்று தள்ள, கியரிற் போட்டு ஒருவாறு புறப்பட்டேன்.

அதன்பின் வரிசை நிற்கவில்லை. இயந்திரத்தைச் சற்று உயர்ந்த வேகத்தில் ஓடவிட்டேன், அவ்வளவே. பெற்றோற் கணக்கை வீட்டிற் கூறவில்லை.

2019இல் ஊருக்கு மாற்றம் கிடைத்தபோது பிடிகளைக் கழற்றி, என் இடத்துக்கு வந்த மட்டக்களப்பு ஆசிரியருக்குக் கொடுத்துவந்தேன். சில கிழமைகளின் பின் அவர் தொலைபேசியில் அழைத்து, “அண்ணன், இடப்பக்கம் வலப்பக்கம் அளவுக்குச் சுடுகுதில்லையே” என்றார். உருக்குக் குழாய் சூட்டை உறிஞ்சுகின்றது, பிடிக்கு அடியில் வெப்பங் கடத்தாத நாடாவை ஒரு சுற்றுச் சுற்றுங்கள் என்றேன். பின்னணியில் யாரோ இருபது வரை எண்ணிக்கொண்டிருந்தார்கள், மெதுவாக.