அரை வாளி பச்சைத் தண்ணி

ஜவ்வாது மலையில் மார்கழி மாசம் விடிகாலை ஐந்து மணிக்கு நீங்கள் குளித்ததுண்டா? வேண்டாம். விரோதிக்குக்கூட அந்த யோசனையைச் சொல்லாதீர்கள். ஜமுனாமரத்தூர் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் அந்தக் காரியத்தைத் தினமும் செய்கிற ஒரே ஜீவன் என் அம்மா. வயது அறுபத்தெட்டு.

முன்பெல்லாம் அண்டாவில் விறகு வைத்துக் காய்ச்சுவாள். புகை, இருமல். நான் பி.காம். ஆயிற்றே, விறகுச் செலவு, டாக்டர் செலவு இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு, கட்டுரை எழுதிச் சேர்த்த காசில் மொட்டை மாடியில் இருநூறு லிட்டர் சோலார் ஹீட்டர் வைத்தேன். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒரு வாரம் எனக்கு நடையே மாறிவிட்டது.

ஆனால் பாத்ரூம் இருப்பது கொல்லைக் கோடியில். மாடித் தொட்டியிலிருந்து அங்கே போக அறுபதடி பைப். முக்கால் இஞ்ச் பைப் அறுபதடிக்கு சுமார் ஐந்து லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்து ஜில்லிட்ட அந்தத் தண்ணீர் மொத்தமும் வெளியே வந்த பிறகுதான் வெந்நீர் எட்டிப் பார்க்கும். அரை வாளி பச்சைத் தண்ணி முதலில். அம்மா அதைக் கொட்ட மாட்டாள். தூக்கிக்கொண்டு போய்க் கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றிவிட்டு வந்துதான் குளிப்பாள்.

போன கார்த்திகையில் ஒரு நாள் விடிகாலை, கொல்லையில் வாளி உருளுகிற சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

பூனை இல்லை. பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். நான் எழுந்து போன நேரத்தில், மாவுக்கட்டு போட வேண்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். "தூங்குறவனை எதுக்குடா எழுப்பணும்?" என்றாள். எத்தனை நிமிஷம் அந்த ஈரத்தில் கிடந்தாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

அன்றைக்கே முடிவு செய்தேன், பம்ப் போடுவதென்று.

விஷயம் இதுதான். சோலார் ஹீட்டரில் குழாய்க்கும் தொட்டிக்கும் இடையே தண்ணீர் தானாகச் சுற்றும். சூடானது லேசாகி மேலே ஏறும், ஆறினது கீழே இறங்கும். மோட்டார் வேண்டாம். (எங்கள் மலையிலேயே காவலூரில், 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறதே, அங்கே இதே சமாசாரம் தொந்தரவு. சூடான காற்று கிளம்பினால் நட்சத்திரம் தளும்பும்.) ஆனால் மாடியில் இருக்கிற சூடு, கீழே பாத்ரூமுக்குத் தானாக இறங்கி வராது. மேலேயே சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். இழுத்து வர ஆள் வேண்டும். பாத்ரூம் குழாய் கிட்டேயிருந்து இன்னொரு பைப் போட்டுத் தொட்டியின் அடிப்பக்கம் சேர்த்து, நடுவில் ஒரு குட்டி பம்ப் வைத்தால், ஜில் தண்ணீர் திரும்பத் தொட்டிக்கே போய்விடும். குழாயைத் திறந்ததும் வெந்நீர்.

போளூரிலிருந்து ப்ளம்பர் மலையேறி வந்தார். வந்ததும், "சாதா பி.வி.சி. வேணாம் சார், சூட்டுல இளகிடும், சி.பி.வி.சி. வாங்குங்க" என்றார். பம்பும் இரும்பு உடம்பாக இருந்தால் துருப்பிடிக்குமாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லையென்றால் வெண்கலம். என் பட்ஜெட் அங்கேயே பற்றாக்குறை பட்ஜெட் ஆகிவிட்டது. மாலையில் ஸ்விட்சைத் தட்டினோம். பம்ப் உறுமியது, தண்ணீர் நகரவில்லை. "ஏர் புடிச்சிருக்கு" என்று ஸ்க்ரூவைத் திருகினார். புஸ்ஸென்று காற்று போனது. குழாயைத் திறந்தால் கை சுடுகிற வெந்நீர்! கட்டுக் கையோடு அம்மா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த மப்பில் நான் ஒரு காரியம் செய்தேன். பம்பை அணைக்காமல் படுத்துவிட்டேன். காலையில் அவள் எழுந்ததும் வெந்நீர் தயாராக இருக்கட்டுமே என்கிற பாசம்.

காலையில் குழாய் வெதுவெது. தொட்டியும் வெதுவெது. ராத்திரி முழுக்க இருநூறு லிட்டரும் அறுபதடி போய், அறுபதடி திரும்பி, பைப்புக்கு ஒரு துணிகூடச் சுற்றாமல், வழிநெடுகப் பனிக்குச் சூட்டைத் தானம் கொடுத்திருக்கிறது. மூலதனத்தைச் சுழலவிட வேண்டும் என்று காலேஜில் படித்தேன். இப்படிச் சுழலவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

"அண்டாவை எடுத்துட்டு வாடா கண்ணு" என்றாள் அம்மா.

மறுபடி போளூர்க்காரர். பைப்புக்குக் கறுப்பு ஃபோம் உறை மாட்டினார். திரும்புகிற பைப்பில் என்.ஆர்.வி. வைக்க மறந்திருந்தார், அது ஒருவழிக் கதவு மாதிரி. அது இல்லாவிட்டால், குழாயைத் திறக்கும்போது அந்தப் பைப் வழியாகவும் தொட்டி அடியிலிருந்து ஆறின தண்ணீர் வந்து கலந்துவிடும். அதையும் போட்டார். பாத்ரூம் வாசலில் ஒரு பெல் ஸ்விட்ச் மாதிரி வைத்தார். அமுக்கினால் மூன்று நிமிஷம் ஓடித் தானே நின்றுவிடும். கரண்ட் இல்லாத அன்றைக்குப் பழைய அரை வாளிதான்.

கட்டுப் பிரித்த மறுவாரம். விடிகாலை ஸ்விட்ச் சத்தம் கேட்டது. பம்பின் ரீங்காரம் கேட்டது. நிம்மதியாகப் புரண்டு படுத்தேன். அப்புறம் வாளிச் சத்தம்.

போர்வையோடு ஓடினேன். அம்மா தொட்டித் தண்ணீரை மொண்டு வலது கையில் வாளியோடு கறிவேப்பிலை மரத்தடியில் நிற்கிறாள்.

"எதுக்கும்மா இது? அதுக்குத்தானே அவ்வளவு செலவு பண்ணி பம்ப் போட்டேன்!"

"எனக்குப் போட்டே, சரி. இதுக்கு யார் ஊத்தறது? இலையெல்லாம் பழுத்துப் போச்சு பாரு."

பழுத்துத்தான் இருந்தது. வாளியை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் காலை ஐந்து மணிக்கு, குல்லாவும் ஸ்வெட்டருமாக மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் அடியேன். கறிவேப்பிலைக்குத் தனியாக ஒரு பைப் இழுக்க எவ்வளவு ஆகும் என்று போளூர்க்காரரிடம் கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை.