எளிய விசுவாசமும் எச்.ஏ.கிருஷ்ணபிள்ளையும்



இத்தனை படித்த பின்னும் சிறு பிள்ளையைப் போல் எல்லாவற்றிற்கும் ஜெபம் செய்கிறீர்களே என்று ஆசிரியர் அறையில் தோழி ஒருவர் அண்மையில் கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். இங்கே எழுதுவது அவருக்கும் சேர்த்துத்தான்.

பிள்ளைகளைப் போல் ஆகுங்கள் என்று இயேசு கூறியதாக மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வருகிறது. கேள்வி கேட்காமல் நம்புவதே அதன் பொருள் எனப் பலர் எண்ணுகின்றனர். அவர்கள் முதலாம் ஆண்டு வகுப்பில் அரை மணி நேரம் நின்று பார்க்கட்டும்! பிள்ளைகள் ஓயாமல் கேள்வி கேட்பார்கள். கேட்டுக்கொண்டே நம் கையைப் பிடித்து நடப்பார்கள். நமக்குப் பதில் தெரியாவிட்டாலும் கையை விடமாட்டார்கள்.

நம்மைப் போலவே தமிழாசிரியராக விளங்கிய எச்.ஏ.கிருஷ்ணபிள்ளையை (1827-1900) நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். 1853இல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியரானார். 1858இல், முப்பது வயதைக் கடந்த பின், சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அறியாத வயதில் வந்த விசுவாசம் அன்று அது.

'கிறிஸ்தவக் கம்பர்' எனப் போற்றப்படும் அவர், தம் பெருங்காப்பியத்திற்குத் தேர்ந்தெடுத்த மூலநூல் எது தெரியுமா? ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்'. பன்யன் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி. அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பல்லாண்டுகள் சிறையில் கிடந்தவர். அவருடைய எளிய கதையைத் தழுவி, மூவாயிரத்திற்கும் மேற்பட்ட செய்யுள்களில் 'இரட்சணிய யாத்திரிகம்' இயற்றினார் கிருஷ்ணபிள்ளை. அது 1894இல் நூலாக வெளிவந்தது. புலமை எளிய விசுவாசத்திற்குப் பகையானால் அப்படி ஒரு நூல் பிறந்திருக்குமா?

பன்யன் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்றுண்டு. பயணியின் முதுகுச் சுமை சிலுவையடியில் கழன்று விழுந்துவிடுகிறது. அத்துடன் துன்பம் தீரவில்லை. வெகுதூரம் சென்ற பிறகுதான் சந்தேகக் கோட்டையில் சிறைப்படுகிறான். விரக்தி என்னும் அரக்கன் அவனை அடித்து வதைக்கிறான். தப்பிக்க உதவும் திறவுகோல், வாக்குத்தத்தம் என்பது அதன் பெயர், முதலிலிருந்தே அவன் மார்பில்தான் இருந்தது.

என் தந்தையார் நோயுற்றிருந்தபோது குடும்பமாகக் கண்ணீரோடு ஜெபித்தோம். அவர் பிழைக்கவில்லை. அதன் பின் பல மாதங்கள் சொந்தச் சொற்களால் என்னால் ஜெபிக்க இயலவில்லை. பள்ளி செல்லும் முன்பே மனனம் செய்த பரமண்டல ஜெபம் மட்டும் வாயில் வந்தது. அதைச் சொன்னேன், அவ்வளவுதான். ஆறுதல் உடனே வந்தது என்று எழுதினால் பொய்யாகும். ஆனால் அந்தச் சொற்கள் என்னைக் கைவிடவில்லை.

வகுப்பில் நான் என் சமயத்தைப் பேசுவதில்லை, அது முறையன்று. எனினும், எச்சமயப் பெற்றோராயினும், கடவுளைப் பற்றிப் பிள்ளை கேட்கும் கேள்வியை அதட்டி அடக்கிவிடாதீர்கள் என்று வேண்டிக்கொள்வேன்.

என் அம்மாவுக்குப் பன்யனும் தெரியாது, கிருஷ்ணபிள்ளையும் தெரியாது. கெலாங் பாத்தாவிலிருந்து விடியுமுன்பே இரண்டாவது பாலம் வழியாகச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் என் தம்பிக்காக ஜெபித்த பிறகே அவர் தேநீர் கலக்குவார். அப்பாவுக்காகச் செய்த ஜெபம் என்னவாயிற்று என்று ஒரு நாள் அவரிடம் கேட்டேன்.

"எனக்கும் தெரியலம்மா. அவர்கிட்டயேதான் தினமும் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.